பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (சூலை 17, 1914 – சூலை 8, 2003) தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்து வேலூரில் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் மீண்டும் இயங்கச் செய்த முன்னோடிகளுள் ஒருவர். தொழுநோயாளிகள் விரல்களையும் பாதங்களையும் இழப்பது சதை அழுகுவதால் அன்று, வலி உணர்வு அற்றுப்போவதால் என்று நிறுவியது இவரது முதன்மையான பங்களிப்பாகும். இக்கண்டுபிடிப்பு பின்னாளில் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் காக்கும் மருத்துவத்துக்கும் அடிப்படையாக அமைந்தது.

பிறப்பும் இளமையும்

பிராண்டின் பெற்றோர் செசி பிராண்ட், எவலின் பிராண்ட் ஆகிய இருவரும் கொல்லிமலையில் பணியாற்றிய கிறித்தவ சமயப் பணியாளர்கள். மலைவாழ் மக்களுக்கு மருத்துவ உதவி செய்வது, பள்ளி நடத்துவது, தச்சு வேலை கற்பிப்பது ஆகியன அவர்களது அன்றாடப் பணிகளாக இருந்தன. பிராண்ட் தம் ஒன்பது வயது வரை அம்மலையிலேயே வளர்ந்தார். 1923-இல் கல்விக்காகத் தங்கை கோனியுடன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை கொல்லிமலையில் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். இங்கிலாந்து சென்ற பின் பிராண்ட் அவரை மீண்டும் பார்க்கவில்லை. தாய் எவலின் தம் முதுமையிலும் மலைவாழ் மக்களிடையே பணியைத் தொடர்ந்து, 1974-இல் இந்தியாவிலேயே காலமானார்.

பள்ளிப் படிப்புக்குப் பின் பிராண்ட் மருத்துவம் பயில விரும்பவில்லை. தந்தையைப் போல் கட்டடப் பணியில் தேர்ச்சி பெற்று இந்தியா திரும்புவதே அவரது எண்ணமாக இருந்தது. ஐந்து ஆண்டுகள் தச்சு, கொத்து முதலிய கட்டட வேலைகளைப் பயின்றார். அதன் பின்னர் இலண்டனில் சமயப் பணியாளருக்கான அடிப்படை மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தபோதுதான் மருத்துவத்தில் ஆர்வம் பிறந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் முறைப்படி மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் காயமடைந்தோருக்குச் செய்த சிகிச்சை, கைகளின் நரம்பு, தசைநாண் ஆகியவற்றின் அமைப்பை நெருங்கி அறிய அவருக்கு வாய்ப்பளித்தது. உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943-இல் மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள்.

வேலூர் வருகை

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்த தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று, பிராண்ட் 1946-இல் வேலூர் வந்தார். இடா இசுகடர் தொடங்கிய அக்கல்லூரி, பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி என்ற நிலையிலிருந்து இருபாலரும் பயிலும் பட்டப்படிப்புக் கல்லூரியாக மாறிக்கொண்டிருந்த காலம் அது.

செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். அங்கே இருந்தவர்களுள் பலருக்கு விரல்கள் பறவையின் நகம்போல் உள்நோக்கி வளைந்திருந்தன. தோல் நோய்க்கும் நோய்க்கிருமிக்கும் மருத்துவம் நடைபெற்றுவந்ததே தவிர, கை ஏன் இவ்வாறு மடங்குகிறது என்பதை எலும்பு மருத்துவ நோக்கில் எவரும் முறையாக ஆராய்ந்திருக்கவில்லை. அத்தகைய நோயாளி ஒருவரிடம் தம் கையை இறுகப் பற்றுமாறு பிராண்ட் கேட்டார். அவர் பற்றிய பிடி வலிக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. செயலற்றது எனக் கருதப்பட்ட கையில் நல்ல நிலையிலுள்ள தசைகள் இருப்பதை அவர் அப்போது உணர்ந்தார்.

கை அறுவை மருத்துவம்

தொழுநோயில் எல்லா நரம்புகளும் ஒன்றுபோல் கெடுவதில்லை. முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால், முகம் ஆகிய இடங்களில் தோலுக்கு அருகே செல்லும் நரம்புகளே பெரிதும் தாக்கப்படுகின்றன. இவை உடலின் உட்பகுதியை விடக் குளிர்ந்த இடங்களாகும். முன்கையின் ஆழத்தில் நரம்பிணைப்புப் பெறும் தசைகள் பெரும்பாலும் பாதிக்கப்படாமல் எஞ்சுகின்றன. இந்த ஒழுங்கை உறுதி செய்த பின், நல்ல தசையொன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரல் தசைகளின் வேலையை அதனிடம் ஒப்படைக்கும் அறுவையை 1948 முதல் வேலூரில் செய்யத் தொடங்கினார். மணிக்கட்டை நிமிர்த்தும் தசையொன்றைத் தசைநாண் ஒட்டுகளால் நீட்டி, நான்கு கிளைகளாகப் பிரித்து நான்கு விரல்களுடன் இணைக்கும் முறை இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது.

அக்காலத்தில் பொது மருத்துவமனைகள் தொழுநோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்க்கத் தயங்கின. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் பிற நோயாளிகள் வரமாட்டார்கள் என்ற அச்சமும், அவர்களது உடலில் அறுவைப் புண் ஆறாது என்ற நம்பிக்கையும் நிலவின. பிராண்டின் அறுவைகள் இரண்டாவது நம்பிக்கை தவறு என்பதைக் காட்டின. தொழுநோயாளியின் சதை மற்றவர்களின் சதையைப் போலவே ஆறியது.

நவஜீவ நிலையம்

கை சரியானவுடன் வாழ்வும் சரியாகிவிடவில்லை. அறுவைக்குப் பின் ஊர் திரும்பிய சிலர் மீண்டும் மருத்துவமனைக்கு வந்தனர். மடங்கிய கையைக் காட்டிப் பிச்சை எடுத்தவர்களுக்கு நிமிர்ந்த கையால் அந்த வருவாயும் குறைந்தது. நோய்த் தழும்பு உள்ளவருக்கு வேலை தர எவரும் முன்வரவில்லை. இதனால் 1950-களின் தொடக்கத்தில் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு உருவானது. அறுவை செய்துகொண்டவர்கள் அங்கே தங்கி, தச்சு வேலை கற்று மரப் பொம்மைகள் செய்தனர். இளமையில் தாம் பயின்ற தொழிலைப் பிராண்டே அவர்களுக்குக் கற்பித்தார்.

வலியின்மையே காரணம்

நவஜீவ நிலையத்தில் நோயாளிகளோடு நெருங்கிப் பழகியது அவரது ஆய்வின் போக்கை மாற்றியது. அங்கிருந்தவர்களின் கைகளில் அடிக்கடி புதுக் காயங்கள் தோன்றின. ஒவ்வொரு காயத்துக்கும் காரணத்தைத் தேடிக் குறித்துவைக்கும் பழக்கம் ஏற்படுத்தப்பட்டது. சுத்தியலின் கைப்பிடியில் இருந்த பிளவு, சூடான பாத்திரம், அணையாத பீடி, அளவுக்கு மீறி இறுகப் பிடித்த கருவி என்று பெரும்பாலான காயங்களுக்குத் தெளிவான காரணம் கிடைத்தது. துருப்பிடித்த பூட்டில் சிக்கிய சாவியைச் சிறுவன் ஒருவன் எளிதாகத் திருப்பித் திறந்ததையும், அவ்வாறு திருப்பியதில் அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்கு அறுபட்டிருந்ததையும் பிராண்ட் கண்டார். அச்சிறுவனுக்கு வலி தெரியவில்லை.

இரவில் விரல்களின் பகுதிகள் காணாமற்போவது மட்டும் சில காலம் புதிராக இருந்தது. காவல் இருந்து பார்த்தபோது, உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. அதன் பின்னர் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

இவற்றிலிருந்து பிராண்ட் கண்ட முடிவு எளிமையானது. தொழுநோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை. நரம்பு கெடுவதால் வலி மறைகிறது. வலி மறைந்தவர் காயத்தை அறியாமல் அதன்மேலேயே தொடர்ந்து வேலை செய்கிறார், நடக்கிறார். புண் ஆழமாகி, கிருமித் தொற்றுக்கு உள்ளாகி, எலும்பு சிதைகிறது. ஆகவே உறுப்பிழப்பு இந்நோயின் தவிர்க்க முடியாத விளைவு அன்று. அது தடுக்கக்கூடியதாகும். நூற்றாண்டுகளாக அச்சத்துக்கும் ஒதுக்கலுக்கும் காரணமாக இருந்த தோற்றத்தைப் பற்றிய விளக்கம் இதனால் மாறியது.

வலி எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தம் உடலிலேயே உணர்ந்த ஓர் இரவைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். நெடும் பயணத்துக்குப் பின் இலண்டனில் காலணியைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வு இல்லை. ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தமக்குத் தொழுநோய் வந்துவிட்டதென்று எண்ணி இரவைக் கழித்தார். காலையில் மீண்டும் குத்திப் பார்த்தபோது வலித்தது. நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்திருந்ததால் நரம்பு அழுத்தப்பட்டு மரத்துப்போனதே அதற்குக் காரணம்.

கரிகிரியும் காலணியும்

1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் சீஃபெலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை நிறுவப்பட்டது. பிராண்டும் அவரிடம் பயின்ற எர்னெசுட்டு ஃபிரிட்சி முதலியோரும் அங்கே அறுவை, மறுவாழ்வு ஆகிய பணிகளை வளர்த்தனர்.

கைகளை விடப் பாதங்களே அதிகம் சிதைந்தன. உடலின் முழு எடையும் உணர்வற்ற பாதத்தின் சிறு பரப்பில் விழும்போது அங்கே புண் உண்டாகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த வட்டாரத்தில் செருப்புக்குப் பஞ்சமில்லை. ஆயினும் வழக்கமான தோல் செருப்பில் இருந்த ஆணிகளும் கடினமான அடித்தோலும் உணர்வற்ற பாதத்துக்கு ஆபத்தாக இருந்தன. பல பொருள்களைச் சோதித்த பின், நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான இரப்பர் உள்ளடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது எடையைப் பாதம் முழுவதும் பரப்பியது. முள்ளும் கண்ணாடியும் ஏறாதபடி வெளியே கடினமான அடிப்பகுதி, பெரும்பாலும் பழைய வண்டிச் சக்கர இரப்பர், பொருத்தப்பட்டது. ஆணி பயன்படுத்தப்படவில்லை. தொழுநோயாளிகளுக்கான காலணி இன்றும் இந்த அமைப்பையே பின்பற்றுகிறது.

நரம்பைக் கெடுப்பது எது

வலி மறைவதற்குக் காரணம் நரம்புச் சிதைவு என்பது பிராண்டின் காலத்திலேயே தெளிவாக இருந்தது. நரம்பு எவ்வாறு சிதைகிறது என்பதற்கான விடை பின்னர் வளர்ந்த நோயெதிர்ப்பியலில் கிடைத்தது. 1961-இல் சாக் மில்லர் தைமசுச் சுரப்பியின் பணியைக் கண்டறிந்தார். அதன் பின், அங்கே முதிர்ச்சி பெறும் டி உயிரணுக்கள் என்னும் வெண்குருதியணுக்களின் பங்கு படிப்படியாகப் புலப்பட்டது. இவற்றுள் ஒரு வகை பிற எதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டி வழிநடத்துகிறது. மற்றொரு வகை நோயுற்ற உயிரணுக்களை நேரடியாகக் கொல்கிறது. வேறொரு வகை இத்தாக்குதல் எல்லை மீறாமல் அடக்குகிறது.

1873-இல் நார்வேயின் ஆன்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, நரம்பிழைகளை உறைபோல் சூழ்ந்துள்ள சுவான் உயிரணுக்களுக்குள் வாழ்கிறது. டி உயிரணுக்களின் எதிர்ப்பு வலுவற்றிருப்பவரின் உடலில் கிருமிகள் பெருகிப் பரவுகின்றன. எதிர்ப்பு வலுவாக இருப்பவரிடம் கிருமிகள் மிகக் குறைவு. ஆனால் அவற்றைத் தேடி வரும் டி உயிரணுக்கள் உண்டாக்கும் அழற்சி அவை தங்கியுள்ள நரம்பையும் அழிக்கிறது. இறுக்கமான உறைக்குள் நரம்பு வீங்கி நசுங்குகிறது. சிகிச்சையின்போதோ அதன் பின்னரோ இவ்வெதிர்ப்பு திடீரெனப் பெருகினால் சில நாள்களிலேயே கை, கால் செயலிழக்கலாம். அந்நிலையில் கிருமிக்கொல்லி மருந்து மட்டும் போதாது. அழற்சியை அடக்கும் இசுட்டீராய்டு மருந்தும் உடனே தேவைப்படுகிறது.

இங்கே டி உயிரணுவின் இலக்கு வெளியிலிருந்து வந்த கிருமி. நரம்பு அழிவது பக்க விளைவு. தன்னெதிர்ப்பு நோய்களில் இலக்கே உடலின் சொந்த உயிரணுவாகிவிடுகிறது. உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய டி உயிரணுக்களுள் பெரும்பாலானவை தைமசுச் சுரப்பியிலேயே நீக்கப்படுகின்றன. தப்பியவற்றை ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் அடக்கிவைக்கின்றன. இந்த அடக்கும் வகையைப் பற்றிய ஆய்வுக்காக சிமோன் சாகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்சுடெல் ஆகியோருக்கு 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கட்டுப்பாடு தவறுவதற்கு முதல் வகை நீரிழிவு தெளிவான எடுத்துக்காட்டு. கணையத்தில் உள்ள லாங்கர்கான் திட்டுகளின் பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. நோய் தொடங்கிய சில காலத்தில் இறந்த இளைஞர்களின் கணையத்தில் இத்திட்டுகளை வெண்குருதியணுக்கள் சூழ்ந்திருப்பதை பெல்சியத்தின் வில்லி கெப்ட்சு 1965-இல் விவரித்தார். தூண்டும் டி உயிரணுக்களின் துணையுடன், கொல்லும் டி உயிரணுக்கள் பீட்டா உயிரணுக்களை ஒவ்வொன்றாக அழிப்பது பின்னர் உறுதியானது. இவ்வழிவு பல மாதங்களோ ஆண்டுகளோ வெளித்தெரியாமல் நடக்கும். தாகம், உடல் மெலிவு முதலிய அறிகுறிகள் தோன்றும்போது பெரும்பகுதி அழிந்திருக்கும். டி உயிரணுக்களின் செயலைத் தணித்து நோயின் தொடக்கத்தைத் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்னும் மருந்துக்கு 2022-இல் ஐக்கிய அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு டி உயிரணுத் தாக்குதல் முதன்மைக் காரணம் அன்று. எனினும் எவ்வகை நீரிழிவாயினும், குருதியில் சர்க்கரை நெடுங்காலம் கட்டுப்பாடின்றி மிகுந்திருந்தால் பாத நரம்புகள் கெடுகின்றன. தொழுநோயாளியின் பாதமும் நீரிழிவு நோயாளியின் பாதமும் வெவ்வேறு வழிகளில் வந்து வலியின்மை என்னும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

கார்வில்லும் நீரிழிவுப் பாதமும்

1964-இல் தொழுநோய்ப் பணிக்கான பன்னாட்டு அமைப்பின் அறுவை, மறுவாழ்வு இயக்குநராகப் பிராண்ட் நியமிக்கப்பட்டார். 1966-இல் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கார்வில் என்னும் ஊரிலிருந்த தேசியத் தொழுநோய் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுத் தலைவரானார். அங்கே இருபது ஆண்டுகள் பணியாற்றினார்.

உணர்வற்ற பாதத்தில் புண் உண்டாகும் முறையை அவரது குழு அங்கே அளந்து ஆராய்ந்தது. ஒரே இடத்தில் சிறு அழுத்தம் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுந்தாலே தசை அழற்சியுற்று உடைகிறது என்பது எலிகளின் பாதங்களில் செய்த சோதனைகளால் தெரிந்தது. நலமுள்ளவர் நெடுந்தூரம் நடக்கும்போது தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். உணர்வற்றவர் முதல் அடியைப் போலவே கடைசி அடியையும் வைக்கிறார். புண் தோன்றும் முன்னரே அவ்விடத்தின் வெப்பம் கூடுவதால், பாதத்தைத் தொட்டு வெப்ப வேறுபாட்டை அறிவது எளிய முன்னெச்சரிக்கையாயிற்று.

வலிக்கு மாற்றாக மின்னணுக் கருவியொன்றை உருவாக்கும் முயற்சியும் நடந்தது. கையுறையிலும் காலுறையிலும் பொருத்திய உணரிகள் அழுத்தம் மிகும்போது ஒலியோ மின்னதிர்ச்சியோ தந்தன. உணரிகள் அடிக்கடி பழுதடைந்தன. அணிந்தவர்களும் இடையூறாகத் தோன்றியபோது கருவியை நிறுத்திவிட்டனர். பல ஆண்டு உழைப்புக்குப் பின் இம்முயற்சி கைவிடப்பட்டது. விருப்பப்படி நிறுத்த முடியாமையே இயற்கை வலியின் பயன் என்பதை இத்தோல்வி உணர்த்தியதாகப் பிராண்ட் கருதினார்.

பாதப் புண்ணை ஆற்ற, பாதத்தோடு முழுமையாகப் பொருந்தும் மாவுக்கட்டைப் போட்டு எடையைப் பரப்பும் முறையை அவர் அமெரிக்காவில் பரப்பினார். இம்முறையை 1930-களிலேயே இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் தொழுநோயாளிகளுக்குப் பயன்படுத்தியிருந்தார். தொழுநோய்க்காக உருவான இம்முறைகள் நீரிழிவு நோயாளிகளுக்கும் பொருந்துவதைக் கண்டு, பிராண்டும் அவரது குழுவினரும் நீரிழிவு மருத்துவர்களுக்கு அவற்றைக் கற்பித்தனர். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கும் முறை கார்வில் ஆய்வுகளால் உலகெங்கும் பரவியது. நாள்தோறும் பாதத்தைப் பார்த்தல், வெறுங்காலுடன் நடவாமை, பொருத்தமான காலணி அணிதல், காய்ப்பை அகற்றுதல் என்று இன்று நீரிழிவு நோயாளிகளுக்குக் கூறப்படும் அறிவுரைகளுள் பல இப்பணியோடு தொடர்புடையவை.

உடன் பணியாற்றியோர்

மனைவி மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவராகத் தொழுநோயாளிகளின் பார்வையைக் காப்பதில் முன்னோடியானார். விழிவெண்படலம் உணர்விழந்தால் கண் இமைப்பது குறைந்து, படலம் உலர்ந்து பார்வை போகிறது. மெல்லும் தசையின் பகுதியொன்றை இமையோடு இணைத்து, மெல்லும்போதெல்லாம் இமை மூடுமாறு செய்யும் அறுவை இத்தகையோருக்குப் பயன்பட்டது. மார்கரெட் 2014-இல் காலமானார்.

பிராண்டுடன் பணியாற்றிய மேரி வர்கீசு 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். பின்னர் வேலூரில் உடல் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கி நடத்தினார்.

நூல்களும் சிறப்புகளும்

கையின் இயக்கவியல் பற்றி பிராண்ட் எழுதி 1985-இல் வெளிவந்த நூல் கை அறுவை மருத்துவர்களின் பாடநூல்களுள் ஒன்றாகும். எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து மனித உடல், வலி, நம்பிக்கை ஆகியன குறித்துப் பொது வாசகர்களுக்கான நூல்களையும் எழுதினார். அவற்றுள் வலி பற்றிய நூல் 1993-இல் வெளிவந்தது.

1952-இல் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி அவரை அண்டர் பேராசிரியராக அழைத்துச் சிறப்பித்தது. 1960-இல் ஆல்பர்ட் லாசுகர் விருதும் 1961-இல் பிரித்தானிய அரசின் சி.பி.இ. விருதும் பெற்றார்.

மறைவும் தாக்கமும்

1986-இல் ஓய்வு பெற்ற பிராண்ட் சியாட்டில் நகரில் குடியேறி, வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவத் தகைசால் பேராசிரியராக இருந்தார். 2003 சூலை 8 அன்று, தமது 89-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு, தலையில் ஏற்பட்ட காயத்தின் விளைவாக அந்நகரில் காலமானார்.

1980-களின் தொடக்கத்தில் அறிமுகமான கூட்டு மருந்துச் சிகிச்சை தொழுநோய்க் கிருமியை அழிக்கிறது. ஆனால் நெடுங்காலம் சிதைந்திருந்த நரம்பை அது மீட்பதில்லை. ஆகவே நோய் குணமான பின்னும் பாதங்களைக் காக்கும் தேவை வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. கரிகிரியில் நிறுவப்பட்ட மருத்துவமனை அப்பணியைத் தொடர்ந்து செய்துவருகிறது. நீரிழிவு பெருகியுள்ள தமிழ்நாட்டில், பிராண்ட் வேலூரில் கண்டறிந்த பாடம் தொழுநோயாளிகளை விடப் பன்மடங்கு மிகுதியானோருக்கு இன்று தேவைப்படுகிறது. வலிக்காத புண்ணே மிகவும் கவனிக்க வேண்டிய புண் என்பதே அப்பாடமாகும்.